கடல்நீரேரியைச் சுற்றி அரை நாள்: புதிதாக மோட்டார் சைக்கிள் ஓடுபவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

யாழ்ப்பாணத்தில் புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்கள் முதல் தூர ஓட்டத்துக்குப் பெரும்பாலும் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையைத்தான் தெரிவு செய்வார்கள். நல்ல வழிதான், இரண்டு பக்கமும் கடல். ஆனால் போன வழியாலேயே திரும்ப வேண்டும். ஒரு பக்கத்தால் போய் மறு பக்கத்தால் வீடு சேர ஆசையென்றால் யாழ்ப்பாணக் கடல்நீரேரியைச் சுற்றுங்கள்.

முழு ஏரியையும் சுற்ற முடியாது. மேற்கே அது தீவுகளுக்கு இடையால் கடலோடு திறந்து கிடக்கிறது. சங்குப்பிட்டிக்குக் கிழக்கே ஆனையிறவு வரை நீண்டு கிடக்கும் பகுதியைத்தான் வட்டமடிக்கலாம். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகுதான் இதுவும் சுலபமானது.

வழி இதுதான்: யாழ்ப்பாணம், நாவற்குழி, தனங்கிளப்பு, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி, மறுபடி நாவற்குழி, வீடு. ஏறக்குறைய 120 கிலோமீற்றர். எல்லாம் தார் வீதி. தூரம் ஒன்றும் பெரிதில்லை. புதிதாக ஓடுபவரைக் களைக்க வைப்பது வெயிலும் காற்றும்தான், அதனால் திட்டத்தை அந்த இரண்டையும் வைத்துப் போடுவோம்.

1. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பயணம் வேண்டாம். சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், காற்றும் இருக்காது. தலைக்கவசத்துக்குள் தலை அவியும். வைகாசி முதல் ஆடி வரை என் தெரிவு. சோளகக் காற்று தொடங்கியிருக்கும், வெக்கை கொஞ்சம் தாங்கலாம், வழியில் நுங்கும் மாம்பழமும் கிடைக்கும். நல்லூர்த் திருவிழா நாட்களில் நகரத்துக்குள் வீதிகள் மூடப்படும், ஏ9 எனப்படும் கண்டி வீதியிலும் வாகனம் கூடும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பூநாரைக் கூட்டம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அது மாரிக்கால வேலை. கோடையில் கொக்கும் நாரையும்தான் அதிகம் கண்ணில் படும்.

2. எந்தப் பக்கத்தால் சுற்றுவது?

இதில்தான் கனபேர் யோசிக்காமல் வெளிக்கிடுகிறார்கள். பழகிய ஏ9 வீதியால் ஆனையிறவுக்குப் போய், பரந்தனால் திரும்பி, பின்னேரம் பாலத்தால் வருவோம் என்று நினைப்பார்கள். பாலத்தில் சூரிய அஸ்தமனப் படம் எடுக்கலாம் என்ற ஆசையும் ஒரு காரணம். நான் நேர்மாறாகப் போகச் சொல்வேன்: விடிய முதலில் பாலம், கடைசியில் ஏ9.

ஏனென்றால் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. பூநகரியிலிருந்து பரந்தனை நோக்கி, அதாவது கிழக்கே ஓடினால் காற்று முதுகில் படும், வண்டியும் சுகமாக ஓடும். அதே வீதியில் பின்னேரம் மேற்கு நோக்கி வந்தால் காற்று எதிரில், இறங்கும் சூரியனும் எதிரில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிர்க்காற்றில் ஓடும்போது மாடு ஒன்று குறுக்கே வந்தால் புதியவருக்குப் பிறேக் பிடிக்க நேரம் போதாது. அந்த வீதியில் மாடுகளுக்குக் குறைவே இல்லை.

இன்னொன்று, பூநகரிக்கும் பரந்தனுக்கும் இடைப்பட்ட வீதியில் நிழலும் குறைவு, கடைகளும் குறைவு. ரயர் காற்றுப் போனால் ஒட்டுக்கடைக்கு உருட்டவேண்டி வரும். அதைக் காலைக் குளிரில் உருட்டுவது வேறு, பதினொரு மணி வெயிலில் உருட்டுவது வேறு. களைப்பு வருகிற நேரத்தில் நீங்கள் ஏ9 வீதியில் இருந்தால் ஊருக்கு ஊர் கடை, கராஜ், பஸ், எல்லாம் உண்டு.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. காலையில் கிழக்கே ஓடும்போது இளவெயில் முகத்தில் அடிக்கும். அதற்கு வழி, பூநகரியில் அவசரப்படாமல் இருந்து, சூரியன் கொஞ்சம் மேலே ஏறிய பிறகு புறப்படுவது.

3. வண்டியை முதல் நாளே பாருங்கள்

100 சிசி வண்டியோ ஸ்கூட்டியோ, எதுவானாலும் போதும். 'பெரிய வண்டி வாங்கின பிறகு போவோம்' என்று காத்திருக்கத் தேவையில்லை.

ரயர் காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போதே பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் செயின் கவரிலோ அதற்குக் கிட்டவோ ஒட்டியிருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் ரயருக்குக் கூடுதலாக எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். செயினைக் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். பொதுவாக இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் ஆடலாம். அதற்கு மேல் தொங்கினால் கராஜில் கொடுத்து இறுக்குங்கள். பிறேக், லைட், சிக்னல், ஹோர்ன், எஞ்சின் ஒயில் ஆகியவற்றையும் ஒருக்காப் பார்த்துவிடுங்கள்.

பெற்றோலை யாழ்ப்பாணத்திலேயே நிரப்புங்கள். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு முழுச் சுற்றுக்கும் மூன்று லீற்றருக்குள் முடிந்துவிடும்.

சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் கையில் இருக்கவேண்டும். பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம், வாரையும் பூட்டுங்கள்.

4. என்ன கொண்டுபோவது

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், அதில் கரைத்துக் குடிக்க ஒரு ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த தூள்) பக்கற். முழுக்கை உடுப்பு, மூடிய சப்பாத்து, தலைக்கவசத்துக்குள் கட்ட ஒரு பருத்தித் துணி. வெயிலுக்குக் கையில்லாத பெனியன்தான் சுகம் என்று நினைக்காதீர்கள். ஓடும்போது காற்று வியர்வையைக் காயவைத்துவிடுவதால் தோல் எரிவதும் உடலில் தண்ணீர் குறைவதும் தெரியாது, நின்ற பிறகுதான் தலை சுற்றும். போனில் அம்புலன்ஸ் இலக்கம் 1990, பொலிஸ் 119. எந்த வழியால் போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அம்மா கேட்கும் கேள்விகளுக்கும் அதுவே பதில்.

5. ஐந்தரைக்கு வெளிக்கிடுங்கள்

ஆனி மாதத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்னர் சூரியன் உதிக்கும். ஐந்தரைக்குப் புறப்பட்டால் நாவற்குழிச் சந்தி வரை கிழக்கே ஓடும் துண்டு வெயில் வர முன்னர் முடிந்துவிடும். அங்கே ஏ9 வீதியை விட்டு வலப்பக்கம் மன்னார் வீதியில் திரும்புங்கள். தனங்கிளப்பு தாண்டியதும் வெளி திறக்கும்.

பாலம் 288 மீற்றர்தான், கண்ணை மூடித் திறக்க முடிந்துவிடும். அதனால் அதன் மேலே நிற்காதீர்கள். ஏற முன்னர் கேரதீவுப் பக்கம் வீதிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஆறுதலாகப் பாருங்கள். இங்கே தண்ணீர் ஆழமில்லாத பரவைக்கடல். வரிசையாகக் கம்பு நட்டு வலை கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பு வரிசை கரையிலிருந்து நீண்டு போய், முனையில் கூடு மாதிரி வளைந்திருக்கும். வரிசையைத் தொட்ட இறால் அதை ஒட்டியே போய்க் கூட்டுக்குள் விழும். விடிய வந்தால் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்க் கூட்டை அள்ளுகிறவர்களைக் காணலாம். முகத்துக்கு நேரே படம் எடுக்க முதல் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாலம் வர முன்னர் இங்கே பாதைச் சேவைதான், அதாவது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைதான் இருந்தது. 90களின் தொடக்கத்தில் ஆனையிறவும் பூநகரியும் மூடப்பட்ட காலத்தில், இதே ஏரியைக் கிளாலியிலிருந்து இருட்டில் வள்ளத்தில் கடந்த சனம் எத்தனை! உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், போக முதல் கேட்டுப் பாருங்கள்.

பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும். கையைத் தளரவிட்டு, முழங்கால்களால் பெற்றோல் ராங்கை அணைத்து, 40இல் ஓடுங்கள். வண்டி கொஞ்சம் சாய்ந்து ஓடினால் பயப்பட வேண்டாம், காற்றுக்கு அது அப்படித்தான் ஓடும்.

6. பூநகரியில் ஒரு மணித்தியாலம்

பிளேன்ரீ, வடை. அப்புறம் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கியது, இப்போது இடிபாடுதான், சின்னது. யாழ்ப்பாணக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இந்தப் பக்கத்து மொட்டைக்கறுப்பன் அரிசி எங்காவது விற்பனைக்கு இருந்தால் ஒரு கிலோ வாங்கிப் பையில் போடுங்கள்.

கௌதாரிமுனை மணல் மேடுகளையும் மண்ணித்தலைச் சிவன் கோயிலையும் பார்க்க ஆசை வரும். சோழர் காலத்துக் கோயில், பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பக்கம் மணல் பாதை. மணலில் முன் சில்லு புதைந்து வழுக்குவதைச் சமாளிக்கப் பழகாதவர்கள் அதை வேறொரு நாளுக்கு, அனுபவமுள்ள ஒருவரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

7. பரந்தன் வரை, அங்கிருந்து ஆனையிறவு

எட்டு மணிபோலப் புறப்படலாம். இடப்பக்கம் ஏரி அவ்வப்போது தெரியும், கோடையில் தண்ணீர் பின்வாங்கிய இடங்களில் வெள்ளைப் படலம் படிந்த தரை நீளும். 'வண்டியை அதில் விட்டு ஒரு படம்' என்று தோன்றும். வேண்டாம். மேலே காய்ந்து ஓடாக இருக்கும், கீழே சேறு. சில்லு புதைந்தால் இரண்டு பேர் தூக்கினாலும் வராது. ஆவணி அறுவடைக் காலமானால் பரந்தன் வயல்பக்கம் வீதி ஓரத்தில் நெல் காயவைத்திருப்பார்கள். நெல்லின் மேல் பிறேக் பிடித்தால் வழுக்கும், விலகி ஓடுங்கள்.

பரந்தன் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் ஏ9. வலப்பக்கம் கிளிநொச்சி, இரணைமடுக் குளம் பார்க்கலாம்தான், ஆனால் அதைச் சேர்த்தால் அரை நாள் பயணம் முழு நாளாகி, உச்சி வெயிலில் கொண்டுபோய் விடும்.

ஆனையிறவில் நில்லுங்கள். வீதியும் தண்டவாளமும் ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும் இடம் இது. கிழக்குப் பக்கத்து நீரை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டுவரலாம் என்று 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் போட்ட திட்டம் இன்றைக்கும் பேசப்படுகிறது. போரோடு நின்றுபோன உப்பளம் மறுபடி இயங்குகிறது. கோடைதான் அதற்கு அறுவடைக் காலம். உங்களை வாட்டுகிற அதே வெயிலும் காற்றும்தான் பாத்தியில் உப்பை விளைவிக்கின்றன. உவர் முற்றிய பாத்தியில் தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும், அதன் ஓரத்தில் உப்பு நுரை போலத் திரண்டிருக்கும். உப்பளத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள்.

இங்கே ஓடும்போது ஒன்றைக் கவனியுங்கள். காற்று இடப்பக்கத்திலிருந்து அடிப்பதால் வண்டியை வீதியின் நடுவை நோக்கித் தள்ளும். அந்தப் பக்கத்தால்தான் கொழும்பு பஸ்கள் முந்துகின்றன. பஸ் கிட்ட வரும்போது வண்டியை முதலில் வெளியே தள்ளும், கடந்து போகையில் உள்ளே இழுக்கும். கண்ணாடியில் பஸ் தெரிந்தவுடனேயே வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். போட்டி வேண்டாம்.

8. ஏ9 வழியே வீடு

பளைப் பக்கம் காற்றாலைகள் தெரியும். அதைத் தாண்டி முகமாலை. கண்ணிவெடிகள் நிறையப் புதைக்கப்பட்ட மண் அது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ நாடாவோ கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள், ஒன்றுக்குப் போவதற்காகக்கூட. வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்குவதே வேண்டாம், கடை வரும் வரை பொறுங்கள்.

கொடிகாமம் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து வாங்குங்கள், பையின் அடியில் வைக்காதீர்கள். வழியில் நுங்கு வெட்டுபவர்களைக் கண்டால் நிறுத்துங்கள். தண்ணீர்ப் போத்தல் இந்நேரம் சூடாகியிருக்கும்.

சாவகச்சேரியிலிருந்து வாகன நெரிசல் கூடும். களைத்த உடம்போடு ஓடுகிற துண்டு இதுதான், அதனால் இங்கேதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் வீடு.

9. அன்றைக்கே வண்டியைக் கழுவுங்கள்

ஏரிக்காற்றில் உப்பு இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, செயின் காய்ந்ததும் ஒயில் விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதில் கழுவி வேலையில்லை, குடிக்கிற தண்ணீரில் ஒரு வாளி செலவழியுங்கள்.