அண்டர்டேல்: முதன்முதலாக ஆர்பிஜி ஆடுபவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஆர்பிஜி வகை விளையாட்டுகளை (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து ஆடுபவை) தொடங்கிப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணத்தைச் சொல்வார்கள். ஒன்று, கதை முடிவதற்கே வாரக்கணக்கில் ஆகிறது. மற்றொன்று, சண்டை தொடங்கியதும் திரை முழுக்க எண்களும் பட்டியல்களும் வந்து நின்று, எதை அழுத்துவது என்றே தெரியாமல் போகிறது. இந்த இரண்டு தொல்லையும் இல்லாத ஒன்றில் தொடங்க வேண்டும் என்றால், நான் தயங்காமல் அண்டர்டேலைத்தான் சொல்வேன். டோபி ஃபாக்ஸ் என்பவர் பெரும்பகுதியைத் தனியாளாக உருவாக்கி 2015 செப்டம்பர் 15 அன்று வெளியிட்ட இந்த இண்டி (பெரிய நிறுவனத்தின் துணையின்றி உருவாகும்) விளையாட்டின் தொடக்க விலை 10 டாலருக்கும் ஒரு சென்ட் குறைவு. நிதானமாக ஆடினாலும் ஏழெட்டு மணி நேரத்தில் ஒருமுறை முடித்துவிடலாம். சண்டையில் உங்கள் முன் இருப்பவை நான்கே பொத்தான்கள்.

ரூயின்ஸ் என்ற முதல் பகுதியை எப்படிக் கடப்பது என்பதை மட்டும் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். அதை ஒழுங்காகக் கடந்தவருக்கு மீதி விளையாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதையின் முக்கியத் திருப்பங்களை வெளியிடாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் சில நிமிடங்களில் நடப்பதைச் சொல்லாமல் விளக்க முடியாது என்பதால், அதுகூடத் தெரிய வேண்டாம் என்பவர்கள் ஆடிவிட்டு வந்து படிக்கலாம்.

படி 1: நிறுவுதலும் விசைகளும்

கணினியில் ஆடுவதற்கு 2 ஜிபி ரேமும் 200 எம்பி இடமும் போதும். பழைய மடிக்கணினியே தாங்கும். பிளேஸ்டேஷன், ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றிலும் கிடைக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் சுவை பார்க்க விரும்புபவர்களுக்காக 2013ஆம் ஆண்டிலேயே ஓர் இலவச டெமோ வெளியானது. அதில் இருப்பதும் இந்த ரூயின்ஸ் பகுதிதான்.

நடக்க அம்புக்குறி விசைகள், தேர்ந்தெடுக்கவும் பேசவும் இசட், ரத்துசெய்ய எக்ஸ், மெனுவைத் திறக்க சி. இவ்வளவுதான். எக்ஸ் விசைக்கு இன்னொரு பயனும் உண்டு: சண்டையின்போது அதை அழுத்திப் பிடித்தால் உங்கள் இதயம் மெதுவாக நகரும், நெருக்கமான இடைவெளிகளில் நுழைய அது உதவும். எஃப்4 முழுத்திரைக்கு மாற்றும்.

படி 2: பெயர் வைத்தல்

விளையாட்டு தொடங்கியதும் ஆறு ஆங்கில எழுத்துகளுக்குள் ஒரு பெயர் கேட்கும். பிடித்த எதையும் வைக்கலாம். சில பெயர்களுக்கு விளையாட்டே குறும்பாகப் பதில் சொல்லும், சிலவற்றை ஏற்க மறுக்கும். ஃப்ரிஸ்க் என்ற பெயரை மட்டும் முதல் தடவையில் வைக்காதீர்கள், ரூயின்ஸ் பகுதியே கடினமான வடிவத்துக்கு மாறிவிடும்.

படி 3: முதல் அடி

நிலத்தடி உலகுக்குள் விழுந்த குழந்தையாக நீங்கள் நடக்கத் தொடங்கியதும் ஃபிளவி என்ற பேசும் பூ எதிர்ப்படும். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் ஒரு சிவப்பு இதயம்: அந்த இதயம்தான் நீங்கள். பறந்து வரும் வெள்ளைத் துகள்களை அன்பின் அடையாளம் என்று சொல்லி அந்தப் பூ பொறுக்கச் சொல்லும். நம்பித் தொட்டால் உங்கள் 20 எச்.பி. (உயிர்வலு) 1 ஆகிவிடும். பதற வேண்டாம், அங்கே யாரும் சாவதில்லை. கட்டத்துக்குள் வெள்ளையாக எது வந்தாலும் தொடக்கூடாது என்ற முதல் விதியை இதைவிட நன்றாக எந்த விளக்கப் பலகையும் கற்றுத்தராது.

பிறகு டோரியல் என்ற கனிவான அம்மா வந்து உங்களை அழைத்துச் செல்வார். அவர் சொல்வதைப் பொறுமையாகப் படியுங்கள், குறிப்பாகப் பயிற்சிப் பொம்மையின் முன் நிறுத்தி அதனுடன் பேசச் சொல்லும் இடத்தில். பலர் அந்தப் பொம்மையை அடித்துவிட்டு நகர்கிறார்கள். அடித்தாலும் விளையாட்டு தொடரும், ஆனால் இந்த விளையாட்டின் சாவியே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

படி 4: ஒரு சண்டையை முழுமையாகப் பார்ப்போம்

ரூயின்ஸில் நடக்கும்போது திடீரெனச் சண்டைத் திரை வரும். ஃபிராகிட் என்ற தவளை நிற்கிறது என்று கொள்வோம். கீழே ஃபைட் (தாக்குதல்), ஆக்ட் (பேச்சும் செயலும்), ஐட்டம் (பையிலுள்ள பொருள்), மெர்சி (கருணை) என நான்கு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள், பின் அது தாக்கும், மீண்டும் உங்கள் முறை வரும். உங்கள் முறையில் எந்த அவசரமும் இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அந்தத் தவளை அப்படியே காத்திருக்கும்.

ஃபைட்டை அழுத்தினால் ஒரு நீளமான கண் போன்ற வடிவத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அது நடுவை அடையும் கணத்தில் இசட்டை அழுத்தினால் அடி பலமாக விழும். தள்ளிப்போகப் போக வலு குறையும். தாக்குதல் என்பது மொத்தமும் இதுதான்.

இப்போது ஃபைட்டை விட்டுவிட்டு ஆக்ட்டை அழுத்துங்கள். முதலில் செக் என்பதைத் தேர்ந்தெடுத்தால், எதிரியின் தாக்கும் வலு 4, தற்காப்பு 5 என்றும், இதற்கு வாழ்க்கையே சிரமமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு வரியும் வரும். ஒரு முறை இதற்குச் செலவாகும், ஆனால் புதிய எதிரி ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை செய்து பார்ப்பது நல்லது. தவளையின் முறை வரும்போது சில சமயம் ஈக்கள் உங்கள் இதயத்தைக் குறிவைத்து நின்று நின்று நகரும். சில சமயம் கட்டத்தின் வலது மூலையிலிருந்து ஒரு தவளை தாவும். புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பயந்து இடைவிடாமல் அம்புக்குறிகளை அழுத்திக்கொண்டே இருப்பது. நகராமல் நின்று, எது எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, அருகில் வந்ததும் சின்னதாக விலகினால் போதும்.

அடுத்த முறை, ஆக்ட்டில் பாராட்டுவதற்கான காம்ப்ளிமென்ட்டைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் சொன்னது தவளைக்குப் புரியாது. இருந்தாலும் அதற்குக் கூச்சமும் மகிழ்ச்சியும் வந்துவிடும். மிரட்டினாலும் இதே பலன்தான். இதன்பின் மெர்சியைத் திறந்தால், ஃபிராகிட்டின் பெயர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சள் என்றால் அதற்குச் சண்டையில் விருப்பம் போய்விட்டது என்று பொருள். ஸ்பேர் (கொல்லாமல் விட்டுவிடுதல்) என்பதை அழுத்துங்கள். சண்டை முடிந்தது, கையில் கொஞ்சம் தங்கமும் சேர்ந்தது.

அடித்துக் கொன்றிருந்தால் தங்கத்துடன் 3 இ.எக்ஸ்.பி.யும் (கொன்றால் சேரும் புள்ளிகள்) கிடைத்திருக்கும். 10 சேர்ந்தால் எல்.வி. (உங்கள் நிலை) 2 ஆகும், உங்கள் எச்.பி. 24 ஆகும். விட்டுவிட்டால் இ.எக்ஸ்.பி. கிடையாது, கடைசிவரை 20 எச்.பி.யோடுதான் ஓட்ட வேண்டும். மற்ற ஆர்பிஜிகளில் பழகியவர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தோன்றும். நானும் முதல் தடவை கண்ணில் பட்டதையெல்லாம் அடித்து எண்களை ஏற்றிக்கொண்டே போனேன்; அதன் கணக்கை விளையாட்டு பின்னால் கேட்டபோது எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் விளையாட்டு எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு ஆடுங்கள்.

படி 5: மற்ற எதிரிகள்

ஒவ்வொருவருக்கும் சரியான ஆக்ட் வேறு, அதைப் பட்டியலாகக் கொடுத்தால் விளையாட்டில் மீதம் எதுவும் இருக்காது. இரண்டை மட்டும் சொல்கிறேன். விம்சன் என்ற பூச்சி தொடக்கத்திலிருந்தே சண்டையை விரும்பாதது, நேராக மெர்சிக்குப் போய்விடலாம். வெஜிடாய்டு என்ற காய்கறியிடம் உணவைப் பற்றிப் பேசினால் அதன் தாக்குதலில் பச்சை நிறக் காய் ஒன்றும் சேர்ந்து வரும்; பச்சையைத் தொட்டால் காயம் படாது, மாறாக 1 எச்.பி. ஏறும், அதன்பின் அதை விட்டுவிடலாம். வழியை மறித்துப் படுத்திருக்கும் ஒரு கூச்ச சுபாவப் பேயும் உண்டு. அதை உற்சாகப்படுத்திக்கொண்டே இருங்கள், ஒரு தடவையில் முடியாது.

ஆகவே, எதிரி பேசும் வரியை ஒவ்வொரு முறையும் படியுங்கள். நீங்கள் செய்தது பலித்ததா என்பதை எண்கள் சொல்லாது. அந்த வரி மாறுகிறதா என்பதுதான் சொல்லும். மெர்சியில் தப்பி ஓடுவதற்கும் ஒரு வழி உண்டு, ஆனால் அது எப்போதும் பலிக்கும் என்று நம்ப வேண்டாம்.

படி 6: சேமிப்பதும் தின்பண்டங்களும்

தரையில் மின்னும் மஞ்சள் நட்சத்திரங்கள்தான் சேமிக்கும் இடங்கள். அவற்றைத் தொட்டாலே எச்.பி. முழுமையாக நிரம்பிவிடும் என்பதால், அடிபட்டு நிற்கும்போது தின்பண்டத்தைக் கரைக்காமல் ஓர் அறை பின்னால் நடந்து போய்வருவது லாபம். சேமிப்பு ஒன்றே ஒன்றுதான், புதியது பழையதன் மேல் எழுதப்படும். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் விளையாட்டு மூடிவிடும். சேமித்தீர்களா என்று அது கேட்பதில்லை. மூன்று புதிர்களை இரண்டாம் தடவை தீர்த்த பின்புதான் இது எனக்கு உறைத்தது.

தனியாக ஓர் அறையில் மிட்டாய்க் கிண்ணம் இருக்கும். ஒன்றுதான் எடுக்கலாம் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் கைவைத்தால் விளையாட்டு உங்களைத் திட்டும். ஒரு மிட்டாய் 10 எச்.பி. தரும். 20இல் 15 இருக்கும்போது தின்றால் பாதி வீண். பையில் எட்டுப் பொருள்கள்தான் கொள்ளும். சிலந்திகள் நடத்தும் தின்பண்டக் கடையில் 7 தங்கத்துக்கு ஒரு டோனட் விற்கிறார்கள்; 12 எச்.பி. தரும் அதை வாங்கி, முடிந்தால் தின்னாமல் வைத்திருங்கள். ஏன் என்று பின்னால் ஓரிடத்தில் தெரியும்.

படி 7: ரூயின்ஸின் கடைசிச் சண்டை

கடைசிக் கதவுக்கு முன் கட்டாயம் சேமித்துவிடுங்கள். மேலே சொன்ன முறைகள் எதுவும் அங்கே பலிக்காதது போலத் தோன்றும். பேசுவதற்கும் ஒன்றும் இருக்காது, பெயரும் மஞ்சளாக மாறாது. பலர் இந்த இடத்தில்தான் வேறு வழியில்லை என்று நினைத்து ஃபைட்டை அழுத்திவிட்டு, பின்னர் வருந்துகிறார்கள். மெர்சியை அழுத்தியபின் எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் பேசும் இடத்தில் வெறும் புள்ளிகள் (…) வந்தாலும், அந்தப் புள்ளிகள் மாறுகின்றனவா என்று பாருங்கள். ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யத் தயங்காதீர்கள். தோற்றாலும் கடைசி நட்சத்திரத்திலிருந்து தொடங்குவீர்கள், அதற்கு மேல் எந்த இழப்பும் இல்லை.

கதவுக்கு அப்பால் பனிப்பகுதி தொடங்குகிறது. அங்கே முதன்முறையாக நீல நிறத் தாக்குதல்கள் வரும். இதுவரை பழகியதற்கு நேர்மாறாக, அவை உங்களைக் கடந்து போகும்வரை விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள்.