1986 இயக்க மோதல்: கண்டவர்களிடம் கேட்டுப் பதிவது எப்படி

1986இல் இலங்கையின் தமிழ் ஆயுத இயக்கங்கள் தங்களுக்குள் மோதின. அதைக் கண்டவர்களின் நினைவைப் பதியப் போகிறவர்களுக்கு இது. "இயக்கம் வந்து வீட்டைச் சுத்தினது" என்று யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சொன்னால், எந்த ஆண்டுப் பேச்சு என்று முதலில் பாருங்கள். 1985இல் அந்தச் சொல் புலி, ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ் எதையும் குறிக்கும். பிற்காலத்தில் இயக்கம் என்றாலே புலிகள்தான். இன்று பேசுபவரின் வாயில் இரண்டும் கலந்தே வரும். "பொடியள்" (பையன்கள்) என்ற சொல் அதைவிடச் சிக்கல். ஒவ்வொரு தடவையும் "எந்த இயக்கம், எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். ஆளைத் தெரியும், முகாமைத் தெரியும், பிறகு ஊரில் சொன்னார்கள்: மூன்றும் ஒரே தரச் சான்று அல்ல. சொன்னபடியே குறியுங்கள்.

போகுமுன் ஒரு தாளில் காலவரிசை எழுதிக்கொள்ளுங்கள். 1985 ஏப்ரல்: இயக்கங்களின் கூட்டணியான ஈழ தேசிய விடுதலை முன்னணியில் புலிகள் சேர்ந்தது. 1986 ஏப்ரல் கடைசி: ரெலோமீது புலிகளின் தாக்குதல் தொடங்கியது. மே 6: ரெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டது. டிசம்பர்: ஈபிஆர்எல்எஃப்மீது புலிகளின் தாக்குதல். 1987 மார்ச் 30: யாழ்ப்பாணத்தில் புலிகள் கைதிகளை வைத்திருந்த கந்தன் கருணை வீட்டில் அந்தக் கைதிகள் கொல்லப்பட்டது. தாள் உங்கள் பையிலேயே இருக்கட்டும். காட்டினால் அவர் நினைவு அதற்கேற்ப வளையும்.

தேதியை நேராகக் கேட்டுப் பயனில்லை. சித்திரை வருசம் முடிந்து எத்தனை நாள், நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். ரெலோ அழிப்பும் டிசம்பர்ச் சம்பவங்களும் ஒன்றாய்க் குழைவதுதான் வழக்கமான பிழை. "அண்டைக்கு மழையோ?" என்ற கேள்வி பல நேரம் பிரித்துத் தரும், டிசம்பர் அங்கே மாரி.

ஒழுங்கை, சந்தி, வேலி, வீடு எல்லாவற்றையும் அவர் கையாலேயே வரையச் சொல்லுங்கள். நின்ற இடத்திலிருந்து சந்தி தெரியாது என்றால், கண்டது எது, கேட்டது எது என்று அவரே பிரித்துச் சொல்லத் தொடங்குவார்.

ஒரே இயக்கப்பெயர் (இயக்கத்தில் ஒருவருக்கு வைத்த புனைபெயர்) பல இயக்கங்களில் இருந்திருக்கும். பெயரோடு இயக்கத்தையும் பகுதியையும் சேர்த்து எழுதாவிட்டால் செத்தவர் பழி வேறொருவர்மேல் விழும். சுட்டவர் பெயர் வந்தால் பதிவை நிறுத்தி, வைக்கலாமா என்று கேளுங்கள். சொல்பவருக்குக் குறியீட்டு எண் போதும். எண்ணுக்குரிய பெயர்ப்பட்டியல் வேறு இடத்தில் பூட்டியிருக்க வேண்டும்.

கருவியை வாயிலிருந்து இரண்டு சாண் தள்ளி வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 320 எம்பி. அன்றிரவே மூன்று படிகள், அவற்றில் ஒன்று வேறு வீட்டில். ஒரு அமர்வு தொண்ணூறு நிமிடம் தாண்டக்கூடாது.

பழைய பத்திரிகைகளோடு ஒப்பிடுங்கள். 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் தேடலாம். ஆனால் செய்தி வரவில்லை என்பதால் சம்பவம் நடக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். துவக்கு வைத்திருந்தவனுக்குப் பயந்து அச்சேறாத செய்திகள் உண்டு.

கருவியை அணைத்ததும் எழும்பிவிடாதீர்கள். முக்கியமானது பெரும்பாலும் வழியனுப்பும்போது படலையடியில் (வாசல் கதவடியில்)தான் வரும். அதைப் பதியலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் குறிப்பும் எடுக்காதீர்கள்.