பழவேற்காடு டச்சு கல்லறைக்கு குரூப்போட போறீங்களா? இப்படி பாருங்க

ஹெரிடேஜ் வாக் குரூப்ல புதுசா சேர்றவங்க கல்லறைன்னு சொன்னதும் ஜகா வாங்கிடுறாங்க. பேய்க்கெல்லாம் பயப்படாதீங்க, வெயிலுக்கு பயப்படுங்க.

ஸ்டெப் 1: ரெண்டு வருஷத்த மட்டும் மனசுல வச்சுக்கோங்க. டச்சுக்காரங்க 1613ல இங்க கெல்ட்ரியா கோட்டைய கட்டி, சோழமண்டலக் கரை துணி வியாபாரத்துக்கு இதையே தலைமையிடமா வச்சிருந்தாங்க, அப்புறம் 1690ல அது நாகப்பட்டினத்துக்கு மாறிடுச்சு. கல்லுல வருஷத்த பாக்கும்போது இந்தாளு ஊரு ஜேஜேன்னு இருந்தப்ப செத்தாரா, தலைமையிடம் போனப்புறமான்னு கேட்டுப் பாருங்க, சும்மா சுத்திட்டு வர்றதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம்.

ஸ்டெப் 2: சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி பொன்னேரில இறங்குங்க, அங்கிருந்து பஸ் இருக்கு. தண்ணி, தொப்பி, ஷூ கட்டாயம், செருப்போட வந்தா முள்ளு குத்தும்.

ஸ்டெப் 3: வாசல்லயே ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடு நிக்கும். எல்லாரும் அதோட ஒரு செல்ஃபி எடுத்துட்டு பாதி நேரத்த அங்கேயே ஓட்டிடுவாங்க, நீங்க உள்ள போங்க.

ஸ்டெப் 4: இதுதான் மெயின் வேலை. அம்பது கல்ல மேய்றத விட ஒரே ஒரு கல்ல உக்காந்து படிங்க. எழுத்து புடைப்பா இருக்கும், உச்சி வெயில்ல மொட்டையா தெரியும், காலைல வெளிச்சம் சாய்வா விழும்போதுதான் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் வந்து பளிச்சுன்னு நிக்கும், அதனாலதான் சீக்கிரம் கிளம்பச் சொல்றது. நேரமாயிடுச்சுன்னா ஒருத்தர் துப்பட்டாவ பிடிச்சு நிழல் பண்ணட்டும், இன்னொருத்தர் போன் டார்ச்ச கல்லோட ஒட்டி பக்கவாட்டுல அடிக்கட்டும். "ஹியர் லெய்ட் பெக்ராவன்"னு ஆரம்பிச்சா இங்க அடக்கம் ஆகியிருக்கார்னு அர்த்தம், "ஹொய்ஸ்ஃப்ரௌ"ன்னா இன்னாரோட மனைவி, "அவுட்"னு வந்தா பக்கத்துலயே வயசு இருக்கும். சில இடத்துல யு எழுத்துக்கு பதிலா வி போட்டிருப்பாங்க, குழம்பாதீங்க. மேல குடும்ப சின்னம், மண்டையோடுன்னு ஏதாவது செதுக்கியிருந்தா அதையும் விடாதீங்க.

எழுத்து தெரியலன்னு சாக்பீஸ், கோலமாவு தேய்க்கிறது, சாவியால பாசிய சுரண்டுறது எல்லாம் கூடவே கூடாது, இது மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம். கல்லு மேல உக்காந்து டிபன் பிரிக்கிறதும் வேணாமே, ப்ளீஸ்.

ஸ்டெப் 5: போட்டோ முதல்ல முழுக் கல்லு, அப்புறம் எழுத்து க்ளோசப்.

கோட்டைய கடைசியா வச்சுக்கோங்க, அங்க கட்டடமா பெருசா ஒண்ணும் இல்ல, அகழியும் முள்ளுக்காடும்தான்.