மெஷின் வாங்கலாமா? கார்ப்பரேட் ஃபைனான்ஸை ஒரு கணக்கில் பிடிப்பது எப்படி

டர்பனில் பி.காம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஃபார்முலா தலைகீழ்ப் பாடம். எந்தப் பணத்தைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் மார்க் போகிறது. ஒரே கணக்கை எடுத்து, கடைசிவரை கையால் போட்டுப் பாருங்கள்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் மசாலா அரைக்கும் கம்பெனி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். புது மெஷின் 10 லட்சம் ராண்ட். கூலியிலும் கரண்டிலும் வருடத்துக்கு 3.5 லட்சம் மிச்சம். 4 வருடம் ஓடும். "மூணு வருஷத்துக்குள்ள போட்ட காசு வந்துடுமே" என்பார் முதலாளி. பொறுங்கள்.

முதலில் வரி. தென்னாப்பிரிக்காவில் கம்பெனி வரி 27%. 3.5 லட்சத்தில் கையில் நிற்பது 2,55,500. உற்பத்திக்கு வாங்கும் புது மெஷினுக்கு வருமான வரிச் சட்டத்தின் 12சி பிரிவின்படி தேய்மானம் 40, 20, 20, 20 சதவீதம். முதல் வருடம் 4 லட்சம் கழிவதால் மிச்சமாகும் வரி 1,08,000. அடுத்த மூன்று வருடமும் 54,000. ஆக வரவு முதல் வருடம் 3,63,500, பிறகு வருடம் 3,09,500. தேய்மானம் கையைவிட்டுப் போகும் பணமல்ல. அது குறைக்கும் வரிதான் பணம்.

அடுத்து தள்ளுபடி வீதம், அதாவது பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம். பங்குதாரர் எதிர்பார்ப்பது 18%, பேங்க் வட்டி 11.5%, பங்கு 60, கடன் 40 என்று கொள்வோம். வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்பதால் கடனின் செலவு 8.4%தான். சராசரி சுமார் 14%. அந்த 60:40 சந்தை மதிப்பில் இருக்கவேண்டும், பேலன்ஸ் ஷீட் மதிப்பில் அல்ல.

14%-இல் நாலு வருட வரவின் இன்றைய மதிப்பு 9.49 லட்சம். சுமார் 50,800 நஷ்டம்! கடைசியில் மெஷினை 1.5 லட்சத்துக்கு விற்கலாம் என்றால்? ஏட்டில் மதிப்பு பூஜ்யம், அதனால் முழுத் தொகைக்கும் வரி. மிஞ்சும் 1,09,500-இன் இன்றைய மதிப்பு 64,800. இப்போது 14,000 லாபம். ஆனால் கூடுதலாக 1 லட்சத்துக்கு மிளகாய், மல்லி வாங்கி வைக்கவேண்டும், அந்தப் பணம் நாலு வருடம் கழித்துத்தான் திரும்பும் என்றால், மறுபடி 26,800 நஷ்டம். முடிவு நிற்பது கடைசியில் மெஷினை விற்கும் விலையிலும் சரக்கிலும்தான். கேள்வித்தாளில் அந்த இரண்டு விஷயத்தைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள்.

வழக்கமாக வரும் தப்புகள்: வட்டியை வரவிலும் கழித்து, 14%-ஆலும் தள்ளுபடி செய்வது; வட்டி இரண்டு தடவை கழிந்துவிடும். ஏற்கெனவே கட்டிய கன்சல்டன்ட் ஃபீஸைச் சேர்ப்பது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது போனதுதான். எக்செல்லின் என்பிவி (நிகர இன்றைய மதிப்பு) ஃபார்முலாவுக்குள் இன்று கட்டும் 10 லட்சத்தையும் போடுவது. முதல் எண்ணையே அது ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அந்தத் தொகையை வெளியே தனியாகக் கழியுங்கள்.

பணம் எங்கிருந்து என்பது தனிக் கேள்வி. வட்டிக்கு வரி குறையும், பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்டுக்குக் குறையாது. தனிநபர் பங்குதாரர் என்றால் அதில் 20% டிவிடெண்ட் வரியும் பிடித்துக்கொள்வார்கள். அதற்காகக் கடனைக் கண்டபடி ஏற்றினால் பங்குதாரர் 18%-ஓடு நிற்கமாட்டார், ரிஸ்க்குக்குக் கூடக் கேட்பார். ஓவர்டிராஃப்டில் மட்டும் மெஷின் வாங்கவேண்டாம்: பேங்க் கேட்ட அன்றே கட்டவேண்டிய கடன் அது, மெஷினோ 4 வருடத்தில்தான் பணத்தைத் திருப்பும்.