புதுத் தோட்டத்தில் பொக்லைனை இறக்கும் முன்

பத்திரம் முடிந்த அடுத்த வாரமே தோட்டத்தில் பொக்லைன் வந்து நிற்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. காங்கேயம், தாராபுரம் பக்கம் பங்குனியில் இடம் வாங்கியவர் கண்ணுக்கு வேலியோரம் முழுக்க இலையில்லாத முள்ளுக்குச்சிதான் தெரியும். "ஏனுங்க, எல்லாம் காஞ்சு கெடக்குது, வழிச்சுத் தள்ளீரலாமுங்களா?" என்பார் வண்டிக்காரர். தலையாட்டினால் கிளுவை வேலி போயிற்று. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்பது கிளுவையின் குணம். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரியும். மழை விழுந்ததும் மூன்று மூன்றாகச் சிற்றிலை விடும். கசக்கினால் வாசம் வரும். கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைத் தலைமுறையாகக் காத்த உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டு, கல்லுக்காலுக்கும் கம்பிக்கும் பணம் கொட்டுவதில் என்ன லாபமோ!

நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அதற்கு முன் தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது. பாதிச் செடி கிழங்காகவும் விதையாகவும் மண்ணுக்குள் கிடக்கும். ஒரு வருசம் பொறுத்துப் பார்க்க முடியாதவர்கள் பாதையையும் கிணற்றடியையும் மட்டும் சுத்தம் செய்துகொண்டு மீதியை விட்டுவைக்கலாம். களை என்று பூளைச்செடியை எல்லாம் செதுக்கி எறிந்துவிட்டு, பொங்கலுக்குக் காப்புக் கட்ட அதே பூளைப்பூவைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

விட்டுவைக்கக் கூடாத ஒன்று பார்த்தீனியம். தரையோடு படர்ந்த இளஞ்செடியின் இலை பார்ப்பதற்குச் செவ்வந்தி இலை மாதிரி இருப்பதால் சிலர் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். பூ வைக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்குங்கள். தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும்.

அடுத்த தவறு செல்போனில். ஒற்றை இலையைப் படம் எடுத்து, செடியின் பெயர் சொல்லும் செயலி முதலில் காட்டும் பெயரையே நம்பிவிடுவது. செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் காட்டியது இலைதானா என்பதே சந்தேகம். முருங்கையில் நாம் இலை என்று உருவுவது சிற்றிலை. முழு இலை என்பது ஈர்க்கோடு சேர்ந்த கொத்து. காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருந்தால் அது முழு இலை. மொட்டு இல்லையென்றால் சிற்றிலை. இதைப் பார்த்த பிறகு, இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி வருகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் இலையின் முன்பக்கம், பின்பக்கம், பட்டை, பூ, காய் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வையுங்கள். பூவோ காயோ இல்லாமல் சொல்லும் பெயரை நான் பாதிதான் நம்புவேன்.

உயிருக்கே வினையாவது வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம். மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் விதைக்காகப் பந்தல் போட்டுப் பயிரிடும் கண்வலிக்கிழங்கு, வேலியோரத்தில் தானாகவும் முளைக்கும். செங்காந்தள் என்று நம் மாநில மலராகக் கொண்டாடுவதும் இதையேதான். பூத்துவிட்டால் குழப்பமில்லை: நெளிநெளியான இதழ், மேலே சிவப்பு, அடியில் மஞ்சள். பூக்காத கொடியில் இலை நுனியைப் பாருங்கள், சுருண்டு பற்றுக்கம்பியாகியிருக்கும். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும். செடி முழுக்கக் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. ஏதோ வள்ளிக்கிழங்கு என்று வேகவைத்துத் தின்றால் உயிர் போகும். மஞ்சள் அரளிக் கொட்டையும் ஊமத்தை விதையும் அப்படியே. "ஆடு திங்குது, நமக்கென்ன?" என்ற கணக்கு இங்கே செல்லாது. எருக்கம்பால், கள்ளிப்பால் கண்ணில் பட்டாலும் ஆபத்துதான், கிளையை ஒடித்துப் பார்க்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள்.

மருந்துச் செடி என்று கொண்டாடப்படுவதிலும் ஆள்மாறாட்டம் உண்டு. வீட்டு முகப்பில் அழகுக்குப் படரவிடும் மஞ்சள் பூச்செடியைப் பலர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பிச் சாறு பிழிகிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு செடி. இலையின் ஓரம் மூன்று மடலாகப் பிளவுபட்டிருக்கும். அசலுக்கு அந்தப் பிளவு கிடையாது, இலை நீண்டிருக்கும்.

மரங்களில் சந்தனத்தைத்தான் அடையாளம் தெரியாமல் வெட்டிவிடுகிறார்கள். பறவை போட்ட விதையில் வேலியோரம் முளைத்திருக்கும். எதிரெதிரான இலை, கருஞ்சிவப்புச் சிறு பூ, பழுத்தால் கறுக்கும் உருண்டைப் பழம். பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்தும் சத்தை உறிஞ்சி வாழும் மரம் என்பதால், சுற்றியுள்ளதை எல்லாம் மொட்டையடித்தால் இதுவும் வாடும். பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்க முடியாது.

கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விடுவதும் பெரிய தவறு. ஆடு மேய்க்கும் பாட்டனுக்கும் களையெடுக்க வரும் அக்காமார்களுக்கும் தெரிந்தது எந்தச் செயலிக்கும் தெரியாது. ஆனால் ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயரில் இரண்டு செடி இருக்கும். அதனால் பெயரோடு நிறுத்தாமல், எந்த மாசம் பூக்கும், ஆடு கடிக்குமா, பால் வருமா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் பிடிபடாத செடிக்கு, கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. தென்னிந்தியச் செடிகளை உலர்த்திச் சேர்த்து வைத்திருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியமும் அங்கேதான். அங்கே கொண்டுபோவதற்கு ஒற்றை இலையைப் பறிக்காமல், பூவும் காயும் உள்ள ஒரு முழம் கிளையாக வெட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் திணித்தால் புழுங்கி அழுகிவிடும். தினத்தாள் மடிப்பில் பரப்பி, மேலே கனமாக எதையாவது வைத்து, ஈரம் இழுத்த தாளைத் தினமும் மாற்ற வேண்டும். பூவின் நிறத்தை மட்டும் பறித்த அன்றே எழுதி வைத்துவிடுங்கள், காய்ந்தபின் அது வெளுத்துவிடும்.