சொல் தெரிந்தும் பத்தி புரியாதது ஏன்? ஆங்கில வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று இந்தக் கரையோரத்தில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் உழைக்கச் சளைத்தவர்கள் இல்லை. நோட்டில் நடுக்கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அப்படியும் பரீட்சையில் ஒரு பத்தியைக் கொடுத்து நாலு கேள்வி கேட்டால் திணறுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, அந்த நடுக்கோட்டிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று பதிய வைப்பதுதான் முதல் தவறு. டிப்ரெஷன் என்றால் மனச்சோர்வு என்று எழுதி வைத்திருக்கும் மாணவி, வங்கக் கடலில் டிப்ரெஷன் உருவாகியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் படித்தால் குழம்பத்தான் செய்வாள். அங்கே அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். கரண்ட் நமக்கு மின்சாரம். கடலைப் பற்றிய பத்தியில் நீரோட்டம். கரண்ட் அஃபேர்ஸில் நடப்பு. பேங்க் என்றதும் பாஸ்புக் ஞாபகம் வரும். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றிய ஆங்கில நூல்களில் பேர்ல் பேங்க் என்று வந்தால், அது நம்மவர்கள் சொல்லும் முத்துப்பார்.

அதனால் சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும். பக்கத்துச் சொல்லும் சேர்ந்து மனதில் நிற்கும். தமிழில் மழை பெய்யும், காற்று வீசும், அலை அடிக்கும். மழை வீசுகிறது என்று நாம் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங், கடலுக்கு ரஃப் என்று தனித்தனி ஜோடி உண்டு. பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஸ்ட்ராங் ரெயின் என்று எழுதிவிடுவார்.

அடுத்தது, எடுத்த எடுப்பில் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் போய் உட்காருவது. நல்லெண்ணத்தில் பெரியவர்களே இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒரு பகுதியைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, அதில் உள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி கற்றலை ஆராய்ந்த ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதாவது நூறு சொல்லுக்கு இரண்டு மட்டும் புதிதாக இருக்கலாம். நாவலையும் நாளிதழையும் அந்த அளவுக்குப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று அதே பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். ஒரு வேர்ச்சொல்லையும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களையும் சேர்த்து ஒரு குடும்பம். பிளஸ் டூ பிள்ளையைத் தலையங்கத்தில் தள்ளிவிட்டு, ஆங்கிலம் வரவில்லை என்று திட்டுவது அநியாயம். கீழ் வகுப்புப் பாடநூலையும், எளிமையாக்கிய கதைப் புத்தகத்தையும் கூச்சப்படாமல் எடுக்கலாம்.

வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் தமிழ் எழுதும் பழக்கத்தை விடச் சொல்வேன். மறுமுறை படிக்கும்போது கண் நேராகத் தமிழுக்குத்தான் போகும். கீழே இருக்கும் ஆங்கிலம் அப்படியே கிடக்கும். முதலில் பத்தியை ஒரு தடவை நிற்காமல் படித்துவிட வேண்டும். அப்புறம் எந்தச் சொல் இல்லாமல் விஷயமே பிடிபடவில்லையோ அதை மட்டும் அகராதியில் பார்த்தால் போதும்.

நமக்குத் தெரிந்த விஷயத்தை விட்டுவிட்டு, தெரியாத விஷயத்தைத் தெரியாத மொழியில் படிப்பதும் ஒரு தவறு. இந்தக் கரையில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கச்சான் காற்று எப்போது, வாடைக் காற்று எப்போது, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். வானிலை மையம் மீனவர் எச்சரிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். ஸ்குவாலி வெதர் (சூறைக்காற்று வானிலை), கஸ்டிங் டு 65 கேஎம்பிஎச் (இடையிடையே மணிக்கு 65 கி.மீ. வரை வீசும்), அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் என்று ஒரே மாதிரியான சொற்கள் திரும்பத் திரும்ப வரும். வென்ச்சருக்குத் துணிகர முயற்சி என்று அகராதியில் பார்த்தவருக்கு, கடலுக்குப் போக வேண்டாம் என்பதை இப்படியும் சொல்வார்கள் என்பது அங்கேதான் புரியும். கடல்பசு, கடற்புல், பவளப்பாறை பற்றிய ஆங்கிலச் செய்திகளும் இதே மாதிரி கைகொடுக்கும்.

சொல்லெல்லாம் தெரிந்தும் வாக்கியம் கவிழ்த்துவிடும் இடம் ஒன்று உண்டு. 'தி ஃபிஷர்மென் ஹூ ஹேட் கான் டு ஸீ பிஃபோர் தி வார்னிங் வாஸ் இஷ்யூட் ரிட்டர்ன்ட் சேஃப்லி.' இதில் ஒரு சொல்கூடக் கடினமில்லை. ஆனாலும் வார்னிங்கும் ரிட்டர்ன்டும் அருகருகே இருப்பதால், எச்சரிக்கை திரும்பி வந்தது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. 'எச்சரிக்கை வருவதற்கு முன் கடலுக்குப் போன மீனவர்கள்' என்று தமிழில் வர்ணனை முன்னால் வந்துவிடும். வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் மீனவர்களுக்குப் பின்னால்தான் வர்ணனை தொங்குகிறது. சொல் வரிசைப்படி மொழிபெயர்க்காமல், யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் முதலில் பிடிக்க வேண்டும். மீனவர்கள், திரும்பினார்கள். மிச்சத்தை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம். அன்லெஸ், ஆல்தோ, எக்ஸெப்ட் போன்ற சின்னச் சொற்களை விழுங்கிவிட்டால் விடை நேர் எதிராகப் போய்விடும்; அவற்றின் அடியில் கோடு போடுவது நல்லது.

சரி, மறதிக்கு என்ன செய்வது? ஒரே ராத்திரியில் ஐம்பது சொல் படித்தால் நிற்காது. இன்று பார்த்ததை நாளை, நாலு நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பெரும்பகுதி பள்ளி விடுமுறைதான். அப்பா கரையில் வலையைச் சரிபார்க்கும் அந்த நாட்களில் பிள்ளை தினமும் கால்மணி நேரம், வாய்விட்டு ஒப்பிக்காமல், கதை என்ன ஆனது என்று பார்க்க மட்டும் ஓர் எளிய புத்தகம் படிக்கட்டும். முடித்ததும், என்ன நடந்தது என்று வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வராத இடத்தைத்தான் மறுபடி படிக்க வேண்டும்.