கணையம், பித்தக்குழாய் சாம்பிள்: ஸ்மியரா, எல்பிசியா, செல் பிளாக்கா?

மதுரைப் பக்கம் லேப்ல புதுசா சேர்ற தம்பி தங்கச்சிங்க கேக்குற மொதக் கேள்வியே, கேன்சரான்னு பாக்க எடுத்த செல்ல ஸ்லைடுல இழுத்துப் பூசுற ஸ்மியர், திரவத்துல போட்டு மெஷின்ல ஸ்லைடாக்குற எல்பிசி, துணுக்க மெழுகுல பதிக்கிற செல் பிளாக், இதுல எது பெஸ்ட்டுங்கிறதுதான். அப்படி ஒண்ணு இல்லப்பா. சாம்பிள் ஊசியில வந்துச்சா பிரஷ்ல வந்துச்சா, எடுக்குற எடத்துல ஸ்லைடு போடத் தெரிஞ்ச ஆள் இருக்கா, இந்த ரெண்டையும் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

ஈயூஎஸ் (எண்டோஸ்கோப் வழியா உள்ளேயே ஸ்கேன் பாத்துக் குத்துறது) ஊசி சாம்பிள்னா நான் ஸ்மியரும் செல் பிளாக்கும்னுதான் சொல்வேன். 22 இல்லாட்டி 25 கேஜ் (ஊசித் தடிமன் அளவு) ஊசிக்குள்ள ஸ்டைலெட்ட, அதாவது உள்கம்பிய, மெதுவா விட்டா சொட்டுச் சொட்டா வெளிய வரும், மொதச் சொட்ட ஸ்லைடுல வாங்கி இன்னொரு ஸ்லைட மேல வச்சு அழுத்தாம இழுங்க. ஒண்ணு காயட்டும், அது ஜீம்சா ஸ்டெய்னுக்கு (சாயம் ஏத்துறது). இன்னொண்ணு பாப் ஸ்டெய்னுக்கு, அத அந்த நொடியே 95% எத்தனால்ல போட்றணும், ஜாரோட மூடியக்கூட முன்னாடியே தொறந்து வச்சிருங்க, ஏன்னா சித்திரை மாசத்துல ஃபேனுக்குக் கீழ நின்னு ஸ்மியர் இழுத்தா கை ஜாருக்குப் போறதுக்குள்ள காஞ்சிரும், நியூக்ளியஸ் (செல்லோட மையக்கரு) ஊதி மங்கிப்போயிரும், அதுக்குள்ள இருக்குற குரோமாட்டின வச்சு கேன்சரா இல்லையான்னு சொல்ற டாக்டர் பாவம் என்னத்தப் பாப்பாரு.

காயப்போட்ட ஸ்லைடு பக்கத்துல ஃபார்மலின் டப்பாவ மட்டும் தொறந்துறாதீங்க. ஆவி பட்டாலே ஜீம்சா கலர் கெட்டுரும். ரெண்டையும் ஒரே பார்சல்ல கட்டி அனுப்புறவங்க இன்னும் இருக்காங்க!

ஸ்மியர்ல செலவு கம்மி, அங்கேயே ஸ்டெய்ன் பண்ணி செல் போதுமா இன்னொரு தடவ குத்தணுமான்னு சொல்லிறலாம். ஆனா வந்தது பூராத்தையும் ஸ்லைடுலயே தீத்துறக் கூடாது. வெள்ளையா நூல் நூலா வர்ற துணுக்க ஊசி முனையால எடுத்து 10% பஃபர்ட் ஃபார்மலின்ல போடுங்க, ஊசியக் கழுவுனதையும் அதோட சேத்து சென்ட்ரிஃபியூஜ் மெஷின்ல சுத்தினா அடியில படியும், அதத்தான் மெழுகுல பதிச்சு பிளாக் பண்றது. ஹார்மோன் சுரக்குற செல்லுல வர்ற நியூரோஎண்டோகிரைன் கட்டியோன்னு சந்தேகம் வந்தா சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், கி-67னு தனி ஸ்டெய்ன் எல்லாம் போடணும், அதுக்கு செல் பிளாக் இருந்தா வேல சுளுவு. சாதாரண கணையக் கேன்சருக்கும் இதுக்கும் வைத்தியமே வேற, அதனாலதான் இவ்வளவு நச்சரிக்கிறேன்.

ஈஆர்சிபில (எண்டோஸ்கோப்ப வாய் வழியா விட்டு பித்தக்குழாய்க்குப் போறது) பித்தக்குழாயத் தேச்சு எடுக்குற பிரஷ் கதையே தனி. பிரஷ்ஷ ஒறைக்குள்ள இழுத்துக்கிட்டுத்தான் வெளிய எடுக்கணும், இல்லாட்டி வர்ற வழியிலயே செல் போயிரும். எடுத்ததும் முனைய வெட்டி அப்படியே எல்பிசி வயல்ல (திரவம் உள்ள சின்ன பாட்டில்) போட்டு, ஒறையக் கழுவுனதையும் அதுலயே ஊத்துங்க. ஸ்லைடுல உருட்டிப் போட்டா பாதி செல் பிரஷ்லயே ஒட்டிக்கிட்டு நின்னுரும், வந்த பாதியும் காஞ்சிரும். ஸ்மியர் போட ஆளில்லாத எடத்துக்கு எல்பிசிதான் கைகொடுக்கும், தேனி திண்டுக்கல்லுல இருந்து மாட்டுத்தாவணிக்கு பஸ்ல வந்தாலும் வயல்ல உள்ள செல் கெடாது, வெயில் காலத்துல தெர்மாகோல் பெட்டியில வச்சா போதும். வெறும் பித்தநீர் அப்படி இல்ல, அதுல செல் சீக்கிரம் அழுகிரும், ஐஸ்ல வச்சு ஒடனே லேபுக்குக் கொண்டு போகணும்.

எல்பிசியில ரத்தமும் சளியும் கொறஞ்சு ஸ்லைடு சுத்தமா இருக்கும். அதுவே கொறையும்தான், மியூசின் (சளிப் பொருள்), நெக்ரோசிஸ் (செத்த திசு)னு பின்னணியில கெடைக்குற துப்பும் சேந்து போயிருது. செல்லு சுருங்கி உருண்டையாத் தெரியும், நியூக்ளியஸுக்குள்ள இருக்குற புள்ளி, அதாவது நியூக்ளியோலஸ், எடுப்பா நிக்கும், ஸ்மியருக்குப் பழகுன கண்ணுக்கு சும்மா வீக்கத்துல மாறுன செல்லுகூட கேன்சராத் தெரியும். வயல், மெஷின் செலவு சின்ன லேபுக்குக் கட்டுப்படியாகாது, அது வேற.

இன்னொண்ணு, ஸ்டென்ட் (அடைப்பத் தொறக்க வைக்கிற குழாய்) வைக்கிறதுக்கு முன்னாடியே பிரஷ் எடுத்துறச் சொல்லுங்க. ஸ்டென்ட் ஒரசி செல் மாறி நிக்கும். ஏற்கெனவே ஸ்டென்ட் இருந்தா ஃபார்ம்ல கண்டிப்பா எழுதணும், மஞ்சக்காமால இருக்கான்னும் எழுதணும், ஏன்னா ரத்தத்துல பாக்குற சிஏ 19-9ங்கிற கேன்சர் மார்க்கர் காமாலைலயே ஏறும். 2022ல வந்த டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) முறையில ரிப்போர்ட்டுக்கு 7 வகை இருக்கு. பிரஷ்ல பாசிட்டிவ்னு வந்தா பெரும்பாலும் நம்பலாம், நெகட்டிவ்னு வந்தா அப்படி நம்ப முடியாது, கேன்சர் இருந்தும் சிக்காமப் போற கேஸ் நெறைய. ஸ்கேன்ல குழாய் சுருங்கித் தெரிஞ்சு பிரஷ் நெகட்டிவ்னா மறுபடி எடுக்கச் சொல்லித்தான் டாக்டர்கிட்ட பேசணும்.